பாறை வெடிப்பும் கயிற்றின் இரு முனைகளும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் சிறப்பையும் ஒற்றுமையின் தேவையையும் பேசுவது மரபு. நமக்கு முன் பேசிய பெரியோர்கள் அப்பணியைச் செவ்வனே செய்து முடித்துவிட்டார்கள். ஆகவே நாம் சற்று வேறானதொரு பொருளை எடுத்துக்கொண்டோம். செங்குத்தான பாறையில், அதன் வெடிப்பைப் பற்றிக்கொண்டு மேலேறும் கலையைப் பற்றியும், அக்கலையை உயர்த்திய தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் இன்று பேச விழைகிறோம். "சோற்றுக்கும் படிப்புக்கும் போராடும் நமக்குப் பாறையேற்றம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. இவ்வுரை முடிவதற்குள் அதற்கு விடை கூற முயல்வோம்.

பாறையும் வேலியும்

இங்கிலாந்து நாட்டில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு என்னும் இரு பெரிய தொழில் நகரங்களுக்கிடையே பீக் மாவட்டம் என்றொரு மேட்டு நிலம் உள்ளது. அம்மேட்டின் விளிம்புகளில் கரடுமுரடான மணற்பாறைச் சுவர்கள் நிற்கின்றன. அவற்றுள் பெயர்பெற்றது ஸ்டேனேஜ். அதன் நீளம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். உயரமோ பெரும்பாலும் 10 முதல் 25 மீட்டருக்குள் அடங்கும். ஒரு நெடும்பனையின் உயரமே எனலாம். ஆனால் பனையைப் போல் அதனைக் கட்டிப் பிடிக்க இயலாது. நேர்நிற்கும் அச்சுவரில் மேலிருந்து கீழாகப் பல வெடிப்புகள் ஓடுகின்றன. விரல் நுழையும் அளவினவும் உண்டு. கை நுழைவனவும் உண்டு. ஆளே நுழையும் அளவினவும் உண்டு. இவ்வெடிப்புகளே ஏறுவோர்க்கு வழி.

இத்தகைய பாறைகள் எல்லார்க்கும் பொதுவாக இருந்தனவா எனின், இல்லை. மலையேற்றம் ஒரு விளையாட்டாக உருப்பெற்ற 19-ஆம் நூற்றாண்டில், அது பெரும்பாலும் வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகவே இருந்தது. 1857-இல் லண்டனில் தோன்றிய ஆல்பைன் கிளப்பில் வழக்கறிஞர், மதகுருமார், பேராசிரியர் போன்றோரே மிகுதியும் இருந்தனர். பீக் மாவட்டத்தின் மேட்டு நிலங்களோ பெருநிலக்கிழார்களின் வேட்டைக் காடுகள். ஆண்டில் சில நாள்கள் காட்டுக்கோழி சுட்டு விளையாடுவதற்காக, ஆண்டு முழுவதும் அங்கே காவலர்கள் நின்றார்கள். ஆலைப் புகையில் வாரமெல்லாம் உழைத்தவர்கள், கண்ணெதிரே தெரியும் மேட்டில் ஒருநாள் காலாற நடக்கவும் தடை இருந்தது.

1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், ஹேஃபீல்டு என்னும் சிற்றூரின் கல்லுடைக்கும் குழியில் சுமார் 400 பேர் திரண்டனர். அவர்களை வழிநடத்தியவர் பென்னி ராத்மன் என்னும் 20 வயது இளைஞர். மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலாளி. கிண்டர் ஸ்கௌட் என்னும் தடுக்கப்பட்ட மேட்டின்மீது அவர்கள் அணியாக ஏறி நடந்தார்கள். காவலர்களுடன் கைகலப்பு நிகழ்ந்தது. வழக்குத் தொடரப்பட்டு ஐவர் இரண்டு முதல் ஆறு மாதங்கள் வரை சிறைத் தண்டனை பெற்றனர். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் இயற்றப்பட்டது. 1951-இல் பீக் மாவட்டமே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. திறந்த மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமையைச் சட்டமாக்க 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. 2002-இல், அந்நிகழ்ச்சியின் 70-ஆம் ஆண்டு நினைவு விழாவில், டெவன்ஷயர் பிரபு மேடையேறி, தம் பாட்டனார் காலத்தில் இழைக்கப்பட்டது பெருந்தவறு என்று கூறி வருத்தம் தெரிவித்தார்.

கிண்டர் ஸ்கௌட்டுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், 1927 மார்ச் 20-இல், பம்பாய் மாகாணத்து மகாடு நகரில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுடன் நடந்து சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். இரண்டும் ஒன்றென்று நாம் கூறவில்லை. உலாவ இடம் மறுக்கப்படுவதும் குடிக்க நீர் மறுக்கப்படுவதும் ஒன்றாக மாட்டா. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. மூடிய இடத்தில் முதலில் மக்களின் கால் பட்டது. சட்டம் பின்னரே வந்தது.

இரு தொழிலாளர்

வேலி தளர்ந்ததும் பாறைக்கு வந்தவர்கள் யார்? மான்செஸ்டர் நகரின் ஏழ்மையான பகுதியில், 1930-இல், ஏழாவது குழந்தையாகப் பிறந்தவர் ஜோ பிரௌன். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பை விரைவில் முடித்துக்கொண்டு, கட்டட வேலையும் குழாய் வேலையும் கற்கச் சென்றார். வார இறுதியில் நண்பர்களுடன் பாறைகளைத் தேடிப் போனார். ஏறுவதற்குரிய கயிறு வாங்கப் பணமில்லை. தாயார் கழித்துப் போட்ட துணி உலர்த்தும் கயிறே அவருடைய முதற் கயிறு.

அக்கயிறு அவரைத் தாங்கியிருக்காது. அவர் விழாமல் இருந்ததே அவரைக் காத்தது. மாணவர்கள் இதைப் பின்பற்றத் தக்க செயலாகக் கொள்ளலாகாது. ஏழைப் பிள்ளை ஒருவன் எதிலிருந்து தொடங்கினான் என்பதை அறிவதற்கே கூறுகிறோம். 1949-இல், இருபது வயது நிறையுமுன், ஸ்டேனேஜில் 'வெல்லவொண்ணாதது' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு வெடிப்பின் வழியே அவர் முதன்முதலாக ஏறி முடித்தார். 1952-இல் வேல்ஸ் நாட்டில், திறந்த புத்தகம் போல் இரு சுவர்கள் கூடும் மூலையில் சுமார் 36 மீட்டர் உயரத்துக்கு ஓடும் வெடிப்பொன்றில் ஏறினார். 'செனோடாஃப் கார்னர்' என்னும் அவ்வழி இன்றும் ஏறுவோரின் கனவாக உள்ளது.

அவருடைய இணையர் டான் வில்லன்ஸ். 1933-இல் சால்ஃபோர்டு நகரில் பிறந்தவர். அவரும் குழாய்த் தொழிலாளியே. இருவரும் சந்தித்த விதம் சுவையானது. 1951-இல் ரோச்சஸ் என்னும் பாறையில் பிரௌன் ஒரு புதுவழியே ஏறி மேலே நின்றார். அவரைத் தொடர்ந்து ஏற வேண்டிய தோழரால் ஏற இயலவில்லை. கீழே வேடிக்கை பார்த்து நின்ற வில்லன்ஸ், "நான் முயலலாமா?" என்று கேட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். அவ்வாண்டிலேயே மான்செஸ்டர் பகுதி இளைஞர் சிலர் கூடி 'ராக் அண்டு ஐஸ்' என்றொரு கழகம் அமைத்தனர். அதில் பெரும்பாலோர் கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள். அவர்கள் பிரிட்டிஷ் பாறையேற்றத்தின் தரத்தையே மாற்றினார்கள்.

கையும் வெடிப்பும்

இனிக் கலையின் நுட்பத்துக்கு வருவோம். பாறையில் ஏறுவது என்றால் துருத்திய விளிம்பைப் பிடித்து உடலை மேலிழுப்பது என்றே பலரும் எண்ணுவர். வெடிப்பில் பிடிக்க விளிம்பு இல்லை. அங்கே கையே ஆப்பாக மாற வேண்டும்.

வெடிப்பு உள்ளங்கை நுழையும் அகலமாயின், விரல்களை நீட்டிக் கையை உள்ளே செலுத்துவர். பின் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்குவர். அதனடியில் உள்ள தசை திரண்டு பருக்கும். கை அகன்று இருபுறமும் பாறையை அழுத்திச் சிக்கிக்கொள்ளும். அதன்மேல் உடலின் எடையைத் தொங்கவிட்டாலும் கை நழுவாது. வெடிப்பு இன்னும் அகலமாயின் கையை நுழைத்து முட்டியாகப் பிடிப்பர். குறுகியதாயின் விரல்களை மட்டும் நுழைத்து, முழங்கையைக் கீழிறக்கித் திருகுவர். காலுக்கும் இதே முறை. பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்து நுழைத்து, முழங்காலை நேராக நிமிர்த்தினால் பாதம் திருகிப் பூட்டிக்கொள்ளும். முட்டிக்குப் பெரிதாய், உடம்புக்குச் சிறிதாய் உள்ள வெடிப்பே மிகக் கடினம். அங்கே முழங்கை, தோள், முழங்கால் அனைத்தையும் வைத்து அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். உடலே நுழையும் அகலமாயின், ஒரு சுவரில் முதுகையும் மறுசுவரில் பாதங்களையும் ஊன்றி ஏறுவர். கிணறு வெட்டியோர்க்கு இம்முறை புதிதன்று.

தொடக்கத்தில் புறங்கைத் தோல் உரியும், வலிக்கும். வலிக்கு அஞ்சிக் கையைப் பாதியில் தளர்த்தினால்தான் நழுவும். உறுதியாகப் பூட்டிய கை அவ்வளவாக வலிக்காது. கையை மடக்கித் தொங்குபவன் விரைவில் சோர்வான். கையை நீட்டி எலும்பின் பலத்தில் தொங்குபவன் நெடுநேரம் நிற்பான். எடையைத் தாங்க வேண்டியது கால். கை நிலைநிறுத்த மட்டுமே. ஏறுவதற்குமுன் கீழிருந்தே வழியைப் படிக்க வேண்டும்; எங்கே இளைப்பாறலாம், எங்கே விரைய வேண்டும் என்று கணக்கிட வேண்டும். நம்மவரில் கல்லுடைத்த பெரியவர்கள் உளி வைக்குமுன் பாறையைத் தட்டி ஓசை கேட்பார்கள். பாறையேறுவோரும் ஐயமுள்ள கல்லைத் தட்டிப் பார்க்கிறார்கள். வெற்றோசை எழுந்தால் அதை நம்புவதில்லை. பிரௌனுக்கு முன்னும் வெடிப்பில் கையைப் பூட்டியவர்கள் இருந்தனர். அவர் அதை முழுமையான கலையாக்கினார். தொழிலில் பழகிய கையும், பொருளின் இயல்பை அறியும் கண்ணும் அவருக்குத் துணைநின்றன என்று கொள்வதில் தவறில்லை.

தன் பாதுகாப்பைத் தானே இடுதல்

இக்கலையின் மரபு முறையில், பாறையில் முன்கூட்டியே ஆணி அடித்து வைப்பதில்லை. முன் ஏறுபவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறுவார். கயிற்றின் மறுமுனையைக் கீழே நிற்கும் தோழர் பிடித்திருப்பார். முன் ஏறுபவர் வழியில் வெடிப்புக்குள் ஆப்பு போன்ற உலோகத் துண்டுகளைப் பொருத்தி, கொக்கி வளையத்தால் கயிற்றை அவற்றோடு இணைத்துக்கொண்டே செல்வார். கடைசி ஆப்புக்கு 2 மீட்டர் மேலே போனபின் நழுவினால் 4 மீட்டர் விழுவார்; கயிற்றின் நெகிழ்ச்சியும் சேரும். ஆகவே எங்கே, எத்தனை, எப்படி இடுவது என்பதிலேயே உயிர் அடங்கியுள்ளது.

இந்த ஆப்பின் வரலாறும் உழைப்பாளரின் அறிவுக்குச் சான்று. முதலில் வெடிப்பில் இயற்கையாகச் சிக்கிய கல்லைச் சுற்றிக் கயிற்றுக் கண்ணி போட்டார்கள். கல் இல்லாத இடத்தில், சட்டைப் பையில் கூழாங்கல் கொண்டுசென்று தாமே செருகினார்கள். பின்னர் இயந்திரங்களில் பயன்படும் சாதாரண நட்டுகளை எடுத்து, உள்மரையைக் கடைந்து நீக்கி, கயிறு கோத்துப் பயன்படுத்தினார்கள். வேல்ஸ் நாட்டு ஸ்னோடன் மலை ரயில் பாதையோரம் கிடந்த நட்டுகளைப் பொறுக்கிச் சென்றதாகவும் சொல்வர். 1961-இல் ஷெஃபீல்டில் ஜான் பிரெயில்ஸ்ஃபோர்டு என்பவர் இதற்கென்றே தனி ஆப்பு செய்தார். ஆங்கிலத்தில் 'நட்' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அமெரிக்கரான ரே ஜார்டின், விசையை இழுத்தால் சுருங்கி, விட்டால் விரிந்து வெடிப்பைப் பற்றும் கருவியை உருவாக்கினார். 1978 முதல் அது பீக் மாவட்டம் அமைந்த டார்பிஷயரிலேயே தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. அதற்கு இட்ட பெயர் 'ஃபிரெண்ட்', அதாவது நண்பன்.

இரும்பு முளைகளைச் சுத்தியலால் அடித்து ஏறிய காலமும் உண்டு. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அம்முளைகள் பாறையையே சிதைத்தன. 1972-இல் யுவான் ஷுனார் என்பவர், முளை விற்பனையே தம் வணிகத்தின் பெரும்பகுதியாக இருந்தும், அவற்றைக் கைவிடுமாறு தம் விலைப்பட்டியலிலேயே எழுதினார். வருபவர்க்கு வழியைக் கெடாமல் விட்டுச்செல்ல வேண்டும் என்பதே அதன் கருத்து.

கயிற்றின் இரு முனைகள்

இளைஞர்களே, நாம் சொல்ல வந்தவற்றுள் தலையாயது இதுவே. முன் ஏறுபவர் மேலே சேர்ந்ததும் ஏற்றம் முடிந்துவிட்டதா? முடியவில்லை. அவர் முதலில் தம்மை ஒரு பாறையோடு உறுதியாகக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு கீழே நிற்பவர்க்குக் குரல் கொடுத்து, அவர் ஏற ஏறக் கயிற்றைத் தளர்வின்றி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பின் ஏறுபவர் நழுவினால், மேலிருக்கும் கையே அவரைத் தாங்கும். பின் ஏறுபவர் வழியில் உள்ள ஆப்புகளைக் கழற்றி எடுத்து வருவார். இருவரும் மேலே நின்று கைகுலுக்கும்போதே அவ்வழி ஏறப்பட்டதாகும். மேலே போனவர் கயிற்றை அவிழ்த்தெறிந்துவிட்டு நடந்தால், அவரைப் பாறையேறுபவர் என்று எவரும் மதியார்.

இங்கே இன்னொன்றையும் நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளோம். பாறையேறுபவர் ஆபத்தைத் தாமே தேர்ந்துகொள்கிறார். கயிறு உண்டு, பயிற்சி உண்டு, பிடிக்க ஆள் உண்டு. நம் மக்களோ, தேர்ந்துகொள்ளாத ஆபத்தில் தலைமுறை தலைமுறையாக இறக்கப்பட்டார்கள். பாதாளச் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் மனிதரை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. வந்த பின்னரும் கயிறோ காற்றோ இன்றி இறங்கியவர்களின் சாவுச் செய்திகளை நாம் படித்தோம். ஒருவன் விளையாட்டாக ஏறும் 20 மீட்டர்ப் பாறைக்கு இத்தனை பாதுகாப்பு இருக்க, வயிற்றுக்காக இறங்கும் சில அடிக் குழிக்கு ஏதும் இல்லை எனில், குறைந்தது கயிறு மட்டுமன்று. அம்மனிதன்மீது சமுதாயம் வைத்த மதிப்பு. 'கயிறு இன்றி நான் இறங்கேன்' என்று சொல்லும் துணிவையும் கல்வியே தர வேண்டும்.

உச்சிக்கருகே ஒரு வெடிப்பு

சிறு பாறையில் கற்ற வித்தை பெருமலைக்கு உதவுமா? உலகின் மூன்றாம் உயரச் சிகரம் கஞ்சன்ஜங்கா. உயரம் 8,586 மீட்டர். 1955-இல் சார்லஸ் எவான்ஸ் என்னும் மருத்துவரின் தலைமையில் சென்ற பிரிட்டிஷ் குழுவில் ஜோ பிரௌனும் இடம்பெற்றார். மே 25-ஆம் நாள், கேம்பிரிட்ஜில் படித்த ஜார்ஜ் பேண்டும் குழாய்த் தொழிலாளி பிரௌனும் ஒரே கயிற்றில் உச்சியை நெருங்கினர். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பாறைச் சுவர் குறுக்கே நின்றது. அதில் சுமார் 20 அடி உயரமுள்ள வெடிப்பு ஒன்று இருந்தது. பிராணவாயுக் குழாயை முகத்தில் தாங்கிய நிலையில், பிரௌன் முன் ஏறுபவராகி, ஸ்டேனேஜில் செய்தது போலவே கையைப் பூட்டி ஏறினார். மேலே நின்று பார்த்தபோது, உச்சி சில அடிகளே எஞ்சியிருந்தது. அம்மலையைப் புனிதமாகப் போற்றும் சிக்கிம் மக்களின் பொருட்டு, உச்சியை மிதிப்பதில்லை என்று அந்நாட்டு மன்னருக்கு வாக்களித்திருந்தனர். அவ்வாறே அவ்விடத்திலேயே நின்று திரும்பினர். ஏறும் ஆற்றலும் நிற்கும் பண்பும் ஒருங்கே அமைந்த நிகழ்ச்சி அது. 2020-இல் பிரௌன் மறையும்வரை அவருடைய புகழ் குன்றவில்லை.

அதே மே 25-ஆம் நாளில், 2014-ஆம் ஆண்டு, மற்றொரு செய்தி வந்தது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்துச் சமூக நல உறைவிடப் பள்ளிகளில் பயின்ற மாலாவத் பூர்ணா என்னும் பழங்குடி மாணவி, 14 வயது நிறையுமுன் எவரெஸ்டின் உச்சியை அடைந்தார். அவ்வயதில் அவ்வுச்சியை அடைந்த பெண் அதற்குமுன் எவரும் இலர். அவருடன் அப்பயணத்தில் உச்சி கண்டவர் ஆனந்த் குமார் என்னும் தலித் மாணவர். விவசாயக் கூலிகளின் மகளான பூர்ணாவும் அம்மாணவரும் முதலில் ஏறிப் பழகியது புவனகிரிக் கோட்டை நிற்கும் ஒற்றைப் பாறையில். அரசுப் பள்ளி மாணவர்க்கு மலை எட்டாது என்ற எண்ணத்தை அவ்விருவரும் பொய்யாக்கினர். நம் பெண் மக்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் கடமை

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். நமக்குப் பாறையேற்றம் எதற்கு? இன்னின்ன விளையாட்டு இன்னாருக்கே என்று வகுத்த வேலியும் ஒரு வேலியே. உழைத்துக் களைத்த உடல், தன் விருப்பத்துக்காக ஒருநாள் உழைப்பதில் உள்ள மகிழ்ச்சி எவர்க்கும் உரியது. அதனைக் கேட்க நாணவேண்டியதில்லை. விரும்பும் இளைஞர்கள் தேர்ந்த பயிற்சியாளரிடம், முறையான கருவிகளுடன், உரிய அனுமதி பெற்றுக் கற்கட்டும். தனியே சென்று ஊர்ப்பாறையில் முயல்வதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பாறைக்குப் போகாதவர்க்கும் இதில் செய்தி உண்டு. நம் முன் நிற்கும் சுவர் இயற்கை எழுப்பியதன்று, மனிதர் எழுப்பியது. எனினும் அதிலும் வெடிப்புகள் உண்டு. கல்வி உதவித்தொகை ஒரு வெடிப்பு. விடுதி இடம் ஒரு வெடிப்பு. இடஒதுக்கீடு ஒரு வெடிப்பு. அவற்றைக் குறையென்று இகழ்வோர் உளர். அவை சலுகை மட்டும் எனின், கை வைத்தவுடன் எல்லாரும் மேலே போயிருக்க வேண்டுமே! உள்ளே செலுத்திய கையைத் தோலுரியப் பூட்டி ஏறுபவனின் உழைப்பினாலேயே அவை வழியாகின்றன.

இங்கு அமர்ந்துள்ள, பணியில் உள்ள உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாம் மேலே வந்தது நம் கைவலிமையால் மட்டுமன்று. 25 ஆண்டுகளுக்குமுன் அரிக்கேன் விளக்கும் நான்கு பாடநூல்களுமாக மாலை வகுப்பைத் தொடங்கியவர்கள் கீழே நின்று கயிறு பிடித்தார்கள். இன்று நம்முள் சிலர் நகரத்துக்குக் குடிபெயர்ந்தபின் ஊர்ப்பெயரையும் சொல்லத் தயங்குகிறோம். அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. இழிவுக்கு அஞ்சி ஒதுங்குபவரின் வலியை நாம் அறிவோம். ஆயினும் பத்தாம் வகுப்பில் தேறிவிட்டு, எந்தப் பாடப்பிரிவு, எந்த விண்ணப்பம், எந்தச் சான்றிதழ் என்று அறியாமல் அடிவாரத்தில் நிற்கும் பிள்ளைக்கு, மேலிருந்து ஒரு குரல் வேண்டும். பணியில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு மாணவனின் அல்லது ஒரு மாணவியின் கயிற்றை ஏற்றுக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கன்று; அப்பிள்ளை மேலே வந்து சேரும்வரை. பணம் கொடுக்க இயலாதவர் மாதத்தில் இரு மாலைப் பொழுதுகளைக் கொடுங்கள். கயிறு பிடிக்கச் செல்வம் வேண்டியதில்லை, கவனம் வேண்டும்.

மாணவர்களே, நீங்களும் ஒன்றை மறவாதீர்கள். பின் ஏறுபவர் வெறுங்கையோடு வருவதில்லை. வழியில் உள்ள ஆப்புகளை எடுத்து வருகிறார். அடுத்த வழியில் அவரே முன் ஏறுபவராகலாம். உங்களுக்குக் கிடைத்த நூலையும் குறிப்பையும் அனுபவத்தையும் சேகரித்து வாருங்கள். அவை உங்களுக்குப் பின் வருபவர்க்கு வேண்டியவை. நம் கழகத்தின் பொன்விழாவில் இம்மேடையில் நின்று பேசவேண்டியவர்கள் நீங்கள். அன்று உங்கள் கயிற்றின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று கேட்டால், ஒரு பெயரேனும் சொல்லத்தக்கவர்களாக வாழுங்கள் என்று வாழ்த்தி அமைகிறோம்.